சாமிக்கு மேலே ஒரு வார்டு

வீடு கட்டுகிற தொழில் என்று சொன்னால் "சதுர அடி என்ன விலை?" என்று கேட்பார்கள், ஆஸ்பத்திரி வார்டு கட்டுகிற தொழில் என்று சொன்னால் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு, "வீட்டில எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று கேட்பார்கள்.

நான் இரண்டாவது ரகம். காஞ்சிபுரத்தில் கட்டடக்கலை படித்தவளுக்கு வேலைக்கா பஞ்சம்? பட்டுக்கடைக்கு மாடி எடுத்து, கல்யாண மண்டபத்துக்கு வளைவு வைத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது! நீங்களும் ஒரு முறையாவது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, டியூப்லைட் கண்ணைக் குத்த, பக்கத்துக் கட்டில்காரரின் இருமலைக் கேட்டுக்கொண்டு புரண்டிருப்பீர்கள். "இதைக் கட்டினவன் மட்டும் கையில் கிடைச்சா..." என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். கட்டினவர்கள் சார்பில் பேச வந்திருக்கிறேன். அடிக்காமல் கேளுங்கள்.

ரூம் ஆகாதவர்

பெரிய காஞ்சிபுரத்தில் சாமி வருகிற தெரு ஒன்றில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. கீழே தெருவைப் பார்த்த முன்பக்கம் முழுக்க ஆபீஸ், பெரிய டாக்டர் அறை, செக்ரெட்டரி அறை. பின்பக்கம் வெளிநோயாளிகள். படுக்கை வார்டு மாடியில். அந்த வார்டுக்கே ஒரு வியாதி இருந்தது. படுத்தவர் யாரும் டாக்டர் "போகலாம்" என்று சொல்கிறவரை படுத்திருப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிடுவார்கள். அதிலும் பங்குனி உற்சவம் வந்தால் வார்டு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். செக்ரெட்டரி பட்டுக்கடை முதலாளி. "ஆள் தங்காத எடத்துக்கு எதுக்குங்க கட்டில்? கல்யாணப் புடவை எடுக்க வர்றவங்க தங்கறதுக்கு லாட்ஜ் ஆக்கிடலாம்" என்று கிளம்பிவிட்டார். பெரிய டாக்டர் அவரிடம் மன்றாடி, அடுத்த பங்குனி வரை தவணை வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போன அன்றே எனக்குக் கஜேந்திரனைக் காட்டினார். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர், சர்க்கரை வியாதி. தறிக்குக் கீழே தோண்டிய குழிக்குள் வெறுங்காலை விட்டு மிதிக்கட்டையை மிதிப்பதுதான் அவருடைய பிழைப்பு. அந்தக் காலில்தான் புண். ஏற்கெனவே ஒரு முறை பாதி வைத்தியத்தில் ஓடிப்போய், புண் அழுகி, ஒரு விரலை இழந்துவிட்டு மறுபடி வந்து படுத்திருந்தார். "இன்னொரு வாட்டி ஓடினா காலையே எடுக்கணும் கஜேந்திரா, அப்புறம் எதை வெச்சி மிதிப்ப?" என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். டாக்டர் போனதும், "ஏங்க இப்படி ஓடறீங்க?" என்று நான் கேட்டேன். கஜேந்திரன் சீலிங்கைக் கையால் காட்டிச் சொன்னார்: "டாக்டரு தங்கமான மனுசன்மா. மருந்தும் ஆவுது. இந்த ரூமுதான் நமக்கு ஆவல."

பாதிப் படியில்

ஆகாத ரூமில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு சில நாள் உட்கார்ந்தேன். தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் எனக்குக் காபி கொடுத்தார், கூடவே ஒரு சந்தேகப் பார்வையும். வார்டை மூடினால் அவருடைய நர்ஸ் பெண்கள் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டும். அந்தக் கவலையை வெளியே காட்டாமலிருக்க எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருப்பார். வெளிச்சம் போதாது, காற்று வராது, ஜன்னலைப் பெயின்ட் அடித்தே மூடியிருக்கிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் இதற்காகவெல்லாம் ஒரு மனுஷன் காலைப் பணயம் வைத்து ஓட மாட்டானே என்று உள்ளுக்குள் இடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் தெருமுனையில் மேளம் கேட்டது. ஏதோ சின்ன உற்சவம். அவ்வளவுதான், வார்டு மொத்தமும் எழுந்துவிட்டது. ஒருவர் டிரிப் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு அம்மா வயிற்றுத் தையலை ஒரு கையால் அழுத்தியபடி, எல்லோரும் படியை நோக்கி. "யாரும் எறங்கக் கூடாது!" என்று ஸ்டெல்லா சிஸ்டர் போட்ட சத்தம் மேளத்தில் கரைந்துபோனது. இதுகள் எங்கே போகிறதுகள் என்று எரிச்சலோடு யோசித்தேன். பாதிப் படியில்தான் உறைத்தது, நானும் செருப்பை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறேன்! என்னை யாரும் கூப்பிடவில்லை. தெருவில் சாமி வரும்போது அவருக்கு மேலே மாடியில் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிவதில்லை, காலுக்கே தெரியும். அந்த ஊரில், அந்தத் தெருவில், எழுந்திருக்கக் கூடாதவர்களை எல்லாம் கொண்டுபோய் மாடியில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

சாமி போய்விட்டார். இறங்கியவர்களில் பாதிப்பேர் திரும்பி ஏறவில்லை. கஜேந்திரனும்தான். மறுநாள் தேடிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைப் பார்த்ததும் நெளிந்தார். "சாமிய அனுப்பிட்டு வந்துடலாம்னுதாம்மா எறங்கினேன். எறங்கின காலு அது பாட்டுக்கு வூட்டாண்ட வந்து நின்னுக்கினு இருக்குது."

டாக்டரைத் தூக்கி மாடியில் வைத்தது

கட்டடத்தைத் தலைகீழாகப் போட்டு ஒரு பிளான் வரைந்தேன். முன்பக்கத்து ஆபீஸ், செக்ரெட்டரி அறை, பெரிய டாக்டர் அறை, எல்லாம் மாடிக்கு. வார்டு கீழே, தெருவைப் பார்த்து. கட்டிலில் சாய்ந்தபடியே வெளியே பார்க்கும்படி தாழ்வான பெரிய ஜன்னல்கள். தோளில் ஏறி வருகிற சாமி எப்படியும் கட்டிலைவிட உயரத்தில்தான் வருவார், அதில் குறையில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் பிளானை விரித்ததும் செக்ரெட்டரியின் முகம் சுருங்கிப்போனது. "என்னை மேல ஏத்திட்டு பேஷண்டக் கீழ எறக்கறீங்களா?" என்றார். "சாமி வந்தா எறங்கி ஓடக்கூடியவங்க மேல இருக்கட்டும் சார், ஓடக் கூடாதவங்க கீழ இருக்கட்டும்" என்றேன். பெரிய டாக்டர் தன் பங்குக்கு, "எனக்கு முட்டி வலி இருக்கும்மா" என்று இழுத்தார். "முட்டிக்கு நடக்கறதுதான் மருந்துன்னு எங்க அம்மாகிட்ட நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?" என்று கேட்டேன். கமிட்டியே சிரித்துவிட்டது. டாக்டரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். செக்ரெட்டரி மட்டும் சிரிக்காமல் பிளானைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "ஏறித் தொலைக்கறேன் மேடம். ஆனா பங்குனியில ஒரே ஒரு கட்டில் காலியாச்சுன்னாலும் அந்தக் கதவுல லாட்ஜ் பூட்டை நானே மாட்டுவேன்."

மாம்பழ மஞ்சள்

மற்ற ஊர்களில் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால், "லைட்டா ஏதாவது அடிச்சி விடுங்க" என்பார்கள். காஞ்சிபுரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. நான் கேட்டேன். மாடி வார்டுச் சுவரில் மாதிரிக்குச் சில பட்டைகள் அடித்து வைத்தேன். நெய்கிறவர், சாயம் போடுகிறவர், கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர் என்று படுத்திருந்த அத்தனை பேருக்கும் தெம்பு வந்துவிட்டது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கூட வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பச்ச கண்ண உறுத்துது" என்றார். கடைசியில், புடவைக்குச் சொல்வதுபோலவே மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

புது வார்டில் ஒரு பக்கத்தை அப்படியே அடித்து, நாலைந்து பேரை மாற்றியும் படுக்க வைத்தோம். காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் முதல் கட்டில்காரரின் கண்ணை இழுத்துப் பார்த்தார். அடுத்தவரின் நாக்கைப் பார்த்தார். மூன்றாமவரிடம் போனதும் முகம் வெளுத்து, "சிஸ்டர், எல்லாருக்கும் மஞ்சக்காமாலை டெஸ்ட் எழுதுங்க" என்றார். பேனாவை எடுக்கும்போது தன் கையும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. உடலைச் சாயம் போடாத கோராப் பட்டின் நிறத்துக்கு மாற்றினேன். பார்டரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வார்டின் ஒவ்வொரு தடுப்புக்கும் சுவரின் அடியிலும் வாசலைச் சுற்றியும் வேறு வேறு பார்டர். ஒன்றுக்கு அரக்கு, ஒன்றுக்கு மயில் கழுத்து, ஒன்றுக்குக் கிளிப்பச்சை. பித்தளையில் எண் பலகையும் மாட்டினேன். அதை யாராவது பார்த்தால்தானே! வார்டு திறந்த வாரம், அண்ணனைப் பார்க்க வந்த ஒரு பெண் வாசல் காவலாளியிடம் சொன்னது என் காதில் தேனாக விழுந்தது: "நம்பருல்லாம் தெரியாதுபா. கோரா ஒடம்பு, மயில் கழுத்து பார்டரு, ஜன்னலோரக் கட்டிலு."

கோபுரமும் காலும்

கஜேந்திரன் மூன்றாம் முறையாக வந்தார். நடந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். புண் கணுக்காலைத் தொட்டுவிட்டது. "இதுதான் கடைசி சான்ஸ். காலை ரெண்டு தலகாணி மேல ஒசத்தி வெச்சிக்கினு, நான் சொல்ற வரைக்கும் கட்டிலை விட்டு எறங்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலோரக் கட்டில் கொடுத்தோம். வெளிச்சம், காற்று, எதிரே தெருக்கோடியில் கோபுரம். எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா சிஸ்டர் போன் பண்ணினார். அந்த ஆள் காலை மடக்கியே வைத்திருக்கிறாராம். நீட்டி வைத்தால் இவர் தலை திரும்புவதற்குள் மடக்கிவிடுகிறாராம், கட்டெல்லாம் அவிழ்ந்துபோகிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். "என்னங்க இது?" என்றால், ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே கோபுரம். தலையணை வைத்து உயர்த்திய கால், குறி வைத்தது போல நேராக அதை நோக்கி! அடுத்தடுத்த கட்டில்களைப் பார்த்தேன். எல்லோருமே முழங்காலை மடக்கிக்கொண்டுதான் கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் என்றால் தலை சுவர்ப் பக்கம், கால் ஜன்னல் பக்கம் என்பதுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகம் எழுதியவர்களின் தெருக்கோடியில் கோபுரம் இல்லை போலிருக்கிறது. எல்லாக் கட்டிலையும் குறுக்காகத் திருப்பிப் போட்டோம். ஜன்னல் பக்கவாட்டில் வந்தது, கால் வேறு பக்கம் போனது. கஜேந்திரன் ஒரு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டினார். ஆனால் பழைய திசைக்குத் தக்கபடி சுவருக்குள் பதித்த ஒயர், ஆக்சிஜன் குழாய் எல்லாவற்றையும் உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. எலக்ட்ரீஷியன் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மேடம், அடுத்த பிளான்ல வடக்கு எதுன்னு அப்பறமாப் போட்டுக்கலாம், மொதல்ல கோபுரம் எதுன்னு போட்டுடுங்க."

கயிறு

நர்ஸைக் கூப்பிட மணி வேண்டும். பொத்தானைத் தேடித் தடவ வேண்டாமே என்று, ஒவ்வொரு கட்டிலிலும் கைக்கு எட்டும்படி மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டேன். நுனியில் பிடிக்க வாகாக ஒரு மரக் குமிழ். இழுத்தால் சிஸ்டர் மேஜையில் மணி அடிக்கும். எனக்கு அதில் தனிப் பெருமை.

கயிறு கட்டிய முதல் நாள் மத்தியானம், சாப்பாடு ஆகி எல்லோரும் கண்ணயர்ந்த நேரம், மணி அடித்தது. சிஸ்டர் ஓடினார். கஜேந்திரன் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி மணி. மறுபடி ஓட்டம். அப்புறம் மணி நிற்கவே இல்லை, தாளம் போட்ட மாதிரி சீராக அடித்தது. பக்கத்துக் கட்டிலிலும் ஆரம்பித்தது, அதற்குப் பக்கத்திலும். போய்ப் பார்த்தால், எல்லோரும் குறட்டை விட்டபடி ஒரு கையைத் தூக்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்! குறுக்கு இழையைச் சுமந்துகொண்டு தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவை விரட்ட, இதே உயரத்தில் இப்படித்தான் ஒரு கயிறு தொங்கும், நுனியில் இப்படித்தான் ஒரு குமிழ் இருக்கும். தூங்கிக்கொண்டே வார்டு மொத்தமும் புடவை நெய்துகொண்டிருந்தது. அன்றைக்கே கயிற்றையெல்லாம் அறுத்துவிட்டுக் கட்டில் கம்பியில் பொத்தான் வைத்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கஜேந்திரனை எழுப்பி, இது என்ன கூத்து என்று கேட்டபோது அவர் பரிதாபமாக விழித்தார். "எனக்குத் தெரியும் சிஸ்டர், அது மணிக் கயிறுன்னு. இந்தக் கைக்குத் தெரியலையே."

ரிஷப வாகனம்

பங்குனி வந்தது. சாமி ரிஷப வாகனத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற நாள். செக்ரெட்டரி வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து மாடியில் கமிட்டியைக் கூட்டியிருந்தார். பெரிய டாக்டரும் மேலேதான். கீழே நானும் ஸ்டெல்லா சிஸ்டரும் வார்டு வாசலை மறித்தாற்போல் நின்றோம். சிஸ்டர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "உங்க சாமி வரப்போ யாரும் எறங்கக் கூடாதுன்னு எங்க சாமிகிட்ட வேண்டிக்கினு இருக்கறேன் மேடம்" என்றார்.

மேளம் தெருமுனையில் கேட்டது. வார்டில் சலசலப்பு. கட்டில்கள் கிறீச்சிட்டன. கஜேந்திரன் எழுந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கால் தலையணையிலிருந்து நழுவி, கட்டில் ஓரத்துக்கு வந்து, தரையை நோக்கி இறங்கியது. அந்தப் புண் அப்போதுதான் மூடிக்கொண்டு வந்தது. தரையில் ஊன்றி நாலு அடி வைத்தால் பிளந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னல் முழுக்க வெளிச்சம் பரவியது. கஜேந்திரன் திரும்பிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில், அவர் தலைக்கு மேலே, வெள்ளி ரிஷபத்தின் மேல் சாமி! கீழே போக வேண்டிய அவசியமில்லை, கஜேந்திரன் ஏற்கெனவே கீழேதானே இருக்கிறார். காலை இரண்டு கையாலும் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டு, சாய்ந்தபடி கும்பிட்டார். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு ஜோடிக் கை உயர்ந்தது. ஒருவர்கூட இறங்கவில்லை. தூக்கி வந்தவர்கள் வாகனத்தை வார்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். கற்பூரத் தட்டு ஜன்னல் வழியாகவே உள்ளே வந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் யாரையும் அதட்டவில்லை.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி செக்ரெட்டரி, பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு பெரிய டாக்டர், அவருக்குப் பின்னால் கமிட்டி மொத்தமும் இறங்கி ஓடி வந்து, வார்டு வாசலில் மூச்சிரைக்க நின்றது. நிற்க இடமில்லாமல் கட்டில்களுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார்கள். கஜேந்திரன் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மாடியில இருக்கறவங்கல்லாம் ஓடியாந்துக்கினு இருக்காங்க பாருங்க சிஸ்டர், பாவம், அவங்களுக்கும் ஆளுக்கொரு கட்டிலு போட்டுக் குடுங்க!"

போகலாம்

லாட்ஜ் பேச்சு அத்தோடு அடங்கியது. மறுநாளே செக்ரெட்டரி பெண்களுக்கென்று தனி வார்டு கட்டவும் பிளான் கேட்டார்; தன் கடையில் புடவை எடுக்க வருகிறவர்களைக்கூட அழைத்துவந்து பார்டரைக் காட்டுவதாகக் கேள்வி. ஸ்டெல்லா சிஸ்டர் பழையபடி அதட்ட ஆரம்பித்துவிட்டார், இந்த முறை கவலை இல்லாமல்.

புண் முழுவதும் ஆறிய அன்று பெரிய டாக்டர் கஜேந்திரனின் பாதத்தைத் தன் மடியில் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார். இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று கேட்டார். மிதிக்கட்டையை மிதிப்பதுபோல் தன் உள்ளங்கையை மிதித்துக்காட்டச் சொன்னார். கஜேந்திரன் மிதித்த மிதியில் டாக்டர் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். பிறகு எழுந்து, வாசல் வரை கூடவே நடந்து வந்தார். கஜேந்திரன் இரண்டு காலும் ஊன்றித் தெருவில் இறங்கி, மயில் கழுத்து பார்டரைத் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டு, பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தார். அவர் முனை திரும்புகிறவரை டாக்டர் உள்ளே வரவில்லை. அப்புறம் என்னிடம் சொன்னார்: "இவன் மூணு வாட்டி இந்த வாசலைத் தாண்டியிருக்கான்மா. நான் 'போ'ன்னு சொல்லித் தாண்டறது இதான் மொத வாட்டி."

கட்டிக்கொடுத்த இடத்துக்கு வந்தவர் சொல்லிக்கொண்டு போக வேண்டும், போனவர் திரும்பி வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு அஸ்திவாரம் தோண்டுகிற கட்டடத் தொழில், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.